இருபத்துநான்கு மீட்டர் அக்கா

ஜனவரி 12

தம்பிக்கு,

நகராட்சி அலுவலகத்தின் முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் மூக்கு இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நீதான் என்று தெரிந்ததால் ஒன்பது வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெருக்குழாய் உடைந்ததைப் புகார் சொல்லப் போயிருந்தேன். கூட வந்தது நான் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நர்ஸ். அவள்தான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அச்சு அசல் உங்க மூக்கு" என்றாள். ஒரு முழ உயரத்தில் ஒரு பொம்மை. ஹெல்மெட் போட்ட பெண். கீழே "உருக்காலைப் பெண்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பியூன் பெருமையாகச் சொன்னார்: "இது வெறும் மாதிரிதாம்மா. நிஜச் சிலை இருபத்துநாலு மீட்டர், முழுக்க இரும்பு. ஆலைக் கசடு கொட்டின மேட்டு மேல நிக்கப் போகுது." செய்கிற பட்டறையின் பெயரும் அட்டையில் இருந்தது. அங்கேதான் நீ வெல்டராக இருக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தோரு வருஷம் அந்த ஆலையில் கிரேன் ஓட்டியவள் நான். அதில் முதல் ஆறு வருஷம் கீழே நின்று எனக்குச் சைகை காட்டியவன் நீ. என் முகத்தை ஊருக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. ஆலையை மூடிவிட்டு எங்களை வாசலில் உட்கார வைத்தார்கள். அப்போது ஒப்பந்தக்காரரின் ஆளாக வந்து என் கிரேனை அறுத்தவனும் நீதான். அன்றும் கேட்கவில்லை.

சரி, மூக்கு போகட்டும். தலைதான் பிரச்சினை. அந்தப் பொம்மை முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறது. கிரேன் ஓட்டுகிறவள் மேலே பார்க்க மாட்டாள். அந்தத் தலையைக் குனிய வைக்கச் சொல். இல்லையென்றால் என் மூக்கு அந்த மேட்டில் ஏறக் கூடாது.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மதியச் சாப்பாடு வரைக்கும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நான் முன்பு எழுதிய நான்கு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்தன. அதனால் இதுவும் என்னுடையதுதானோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம். பிறகு படித்தேன். நீ திட்டியதில் பாதி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மூக்குக் கதையைச் சொல்கிறேன். நகராட்சி கேட்டது சுத்தியல் தூக்கிய ஒரு ஆண் சிலை. சிற்பியம்மா பட்டறைக்கு வந்த முதல் நாள், "இங்க யாராவது அந்த ஆலையில வேலை பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "சுத்தியல எப்படிப் பிடிப்பீங்க?" என்றார். "நாங்க எங்கம்மா பிடிச்சோம்? அந்த ஆலையில சுத்தியல் வச்சிருந்தது தச்சர் ஒருத்தர்தான். ஆபீஸ் ஸ்டூல் ஆடினா அடிப்பார்" என்றேன். அவர் சிரித்தே விட்டார். "அப்ப யாரைத்தான் செய்யறது?" என்றார். அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஒரு மணி நேரம் உன்னைப் பற்றியே பேசினேன்.

பதினெட்டு மீட்டர் இரும்பு ஏணியில் ஷிப்டு நடுவே இறங்கி ஏற முடியாது என்பதால் நீ கேபினிலிருந்து கயிறு விடுவாய் இல்லையா, அதைச் சொன்னேன். நான் டீ கேனைக் கட்டுவதையும், மூடிக்குள் சீட்டு எழுதி வைப்பதையும் சொன்னேன். ஆலைக் கூடத்தில் எல்லாரும் உன்னை மாடிவீட்டுக்காரி என்றும் என்னைக் கீழ்வீட்டுக்காரன் என்றும் கூப்பிட்டதைச் சொன்னேன். கடைசியில் பர்ஸில் இருந்த உன் படத்தையும் எடுத்து நீட்டிவிட்டேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. தப்புதான்.

உன் தலை இப்போது தனியாக என் பக்கத்தில்தான் சாய்ந்து கிடக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேல். இடது காதுக்குள் பட்டறைப் பூனை தூங்குகிறது. கழுத்து இணைப்பு இன்னும் போடவில்லை. ஆப்பு மாதிரி ஒரு துண்டை அறுத்து எடுத்தால் தலை குனிந்துவிடும், ஒன்றரை நாள் வேலை. சிற்பியம்மாவிடம் கேட்டேன். "காரணம் சொல்லச் சொல்லுங்க. சும்மா பிடிக்கலன்னா மாத்த மாட்டேன்" என்றார். மார்ச் பத்தாம் தேதிக்குப் பிறகு எதையும் தொட முடியாது, துண்டு துண்டாக லாரியில் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.

மாமாவைத் திட்டாதே. வருஷத்துக்கு ஒரு தடவை அவர்தான் போன் செய்வார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். "எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

காரணம் வேண்டுமாம். எழுதிக்கொள்.

இருபத்தோரு வருஷம் நான் பார்த்தது தரையை. தரை என்றால் தரைகூட இல்லை, ஒரு மனிதனின் உள்ளங்கை. முதலில் உன்னுடையது, பிறகு வேறு யார் யாருடையதோ. நீ உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவேன், விரலைச் சுழற்றினால் இறக்குவேன். பத்து டன் தொங்கும்போது மேலே என்ன வேலை? போன வருஷம் கழுத்து வலிக்காக எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப வருஷமா தையல் வேலையாம்மா?" என்றார். கிரேன் என்றேன். அவர் நம்பவில்லை. இப்போது நான் அங்கே லிஃப்ட் ஓட்டுகிறேன். மேலே கீழே போய்வருகிற வேலை என்னை விடவில்லை.

ஆக, குனிந்த தலைதான் உண்மை. இதைச் சிற்பியம்மாவிடம் சொல்.

இன்னொன்று. நீ என் கிரேனை அறுத்த அன்று நான் வாசல் கம்பிக்கு வெளியே நின்றிருந்தேன். சுவர் இடித்த கூடத்தின் உச்சியில், கிரேன் தண்டவாளத்தின் மேல் குனிந்து உட்கார்ந்து காஸ் கட்டரோடு இருப்பது யார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன். என் வாயால் உன்னைத் தெரியாது என்று சொல்ல வைத்தாய். ஆலையில் ஆயிரம் இரும்பு இருந்தது, அதை ஏன் நீ எடுத்துக்கொண்டாய்? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. பூனைக் கதை வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

நேராகவே எழுதுகிறேன்.

தூணை அடியில் அறுத்து, கிரேனை அப்படியே தள்ளிவிடலாம் என்றுதான் ஒப்பந்தக்காரர் சொன்னார். அரை நாளில் முடிகிற வேலை. ஆனால் கேபின் அப்படியே இருந்தது. கடைசி நாள் உங்களை மேலே ஏறக்கூட விடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள் இல்லையா. உன் சீட்டு மெத்தை, சட்டத்தில் மாட்டிய துண்டு, கண்ணாடி துடைக்கிற பழைய பனியன், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதினெட்டு மீட்டர் மேலிருந்து அதெல்லாம் விழுந்து நசுங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. "நான் மேல ஏறித் துண்டு துண்டா இறக்கித் தர்றேன்" என்றேன். ஆறு நாள் ஆனது. என்னோடு இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியும். கை காட்ட நினைத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு காட்டுவது என்று விட்டுவிட்டேன்.

உன் டீ கேன் அங்கே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். மூடி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், இடது பக்கம் அழுத்தித் திற.

நீ சொன்ன காரணத்தைச் சிற்பியம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். பிறகு, "இருபத்தோரு வருஷம் குனிஞ்சவங்களை மேட்டு மேல ஏத்தி வச்சும் குனியவே வைக்கணுமா? எனக்கு மனசு வரல" என்றார். உனக்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால் எழுது அக்கா. இல்லாவிட்டாலும் எழுது.

தம்பி


பிப்ரவரி 19

தம்பி,

கேன் வந்தது. இரண்டு நாள் சமையலறை மேடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிக்குள் உன் பழைய சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததே, கவனித்தாயா? "டீயில் சர்க்கரை இல்லை, கோபம் இல்லாமல் குடி" என்று. அதைப் படித்த பிறகு இனிமேல் மறைத்து வைக்க என்னால் ஆகாது.

வேறு காரணம் இருக்கிறது. எந்த நாள் என்று உனக்கே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வருஷம், தகடுகளை மரக்கட்டை மேல் இறக்கிக்கொண்டிருந்தோம். நீ வலது கையை மேலே காட்டிக்கொண்டு இடது கையால் கட்டையைச் சரிசெய்தாய். கூரையில் அன்று ஒரு தகடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. மழை பிடித்தது. உலைச் சூட்டில் அந்தத் துளிகள் உன் வரைக்கும் வந்திருக்காது, பாதி வழியிலேயே காய்ந்துவிடும். ஒரு துளி கேபின் ஜன்னல் வழியாக என் கன்னத்தில் பட்டது. நான் மேலே பார்த்தேன்.

இரண்டு நொடி இருக்குமா? அதற்குள் உன் கை விரிந்தது. நான் பார்க்கவில்லை. தகடு இறங்கி, உன் இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

விசாரணையில், "சைகை வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீயும், "காட்ட மறந்துட்டேன் சார்" என்றாய். வலியில் நினைவு தப்பி அப்படிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். உன்னைக் கூடத்திலிருந்து எடுத்து, கவனம் இல்லாதவன் என்று சொல்லி, பழைய இரும்பு அறுக்கிற இடத்தில் போட்டார்கள். கையில் காஸ் கட்டர் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் அதே கட்டரோடு நீ என் கிரேன் மேல் உட்கார்ந்திருந்தாய். உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல் வந்தது. உன்னிடம் பேசினால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் கடிதங்களைத் திருப்பி அனுப்பினேன்.

இப்போது அந்த இரண்டு நொடியை இரும்பில் செய்து, ஊர் மொத்தமும் பார்க்க மேட்டில் நிறுத்தப் போகிறார்கள். நான் தினம் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். என்னால் முடியாது தம்பி. இதைச் சிற்பியம்மாவுக்குப் படித்துக் காட்டு. நீயும் என்னை என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். சைகை காட்டுகிறவன் எதைப் பார்ப்பான், சொல். கிரேன்காரியின் முகத்தைத்தான். கையை விரித்தேன், சுமை நிற்கவில்லை, நிமிர்ந்து பார்த்தேன். உன் கண் தெரியவில்லை, மோவாய் தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அம்மா போன பிறகு உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த ஆறு வருஷத்தில் மேலே கரியும் சூடும் தின்றுகொண்டு இருந்தவள், அந்த நேரத்தில் அந்தக் கூடத்திலேயே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கை வலித்தது அதற்குப் பிறகு.

விசாரணையில் நான் நினைவு தப்பிப் பேசவில்லை. சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒரு தடவை ஏணிக்கடியில் நின்று, "பொம்பளைக்கு எதுக்குய்யா கிரேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நீ மேலே பார்த்தாய் என்று நான் சொல்லியிருந்தால் மறுநாளே உன்னை இறக்கியிருப்பார்கள். உனக்குப் பிறகு ஒரு பெண்ணையும் ஏற்றியிருக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் எட்டு விரல் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்குத்தான் நீ என்னை அடிக்கப் போகிறாய். சிற்பியம்மா முதலில் வரைந்ததில் நீ குனிந்துதான் இருந்தாய், பர்ஸில் இருந்த படத்தில் இருப்பதுபோல. தலையைத் தூக்கச் சொன்னது நான். ஏன் என்று கேட்டார். "அவங்க ஒரே ஒரு தடவை மேல பார்த்தாங்க, நான் பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ இருபத்துநான்கு வருஷமாக அதைத் தப்பாக மட்டுமே வைத்திருப்பாய் என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன். முட்டாள்தான்.

தலையை மாற்ற யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். தூக்கச் சொன்னவன் நான், இறக்கச் சொல்லவும் எனக்கு வாய் இருக்கிறது. குனிய வை என்று ஒரு வரி எழுது. அறுத்துத் திருப்பிவிடுகிறேன். பத்தாம் தேதிக்குள் வந்தால் போதும்.

தம்பி


மார்ச் 4

அடே,

தெரியும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன் கடிதத்தை லிஃப்டுக்குள் வைத்துப் படித்தேன். மூன்றாவது மாடிக்குப் போக வேண்டியவர்களை இரண்டு முறை தரைக்கே கொண்டுவந்து இறக்கினேன். ஒரு பெரியவர், "ஏம்மா, இது மேல போகுமா போகாதா?" என்று கத்தினார். எனக்கு அழுகை நிற்கவில்லை. அவர் பயந்துபோய் படியில் ஏறிப் போனார்.

ஒவ்வொரு முறை நீ டம்ளரைப் பிடிக்கும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பாரத்தை நீ ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு என்னை இன்னொரு பக்கம் தனியாகத் தூக்க விட்டிருக்கிறாய். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இது புதுக் கோபம், பழையது தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்கக் கட்டடத்துக்குப் போனேன். பழைய ஆட்கள் முப்பது பேர் இருந்தார்கள், சிலைத் திறப்புக்கு எந்தச் சட்டை போடுவது என்று சண்டை. நான் எழுந்து நின்று, அன்று சைகை வந்தது, நான்தான் பார்க்கவில்லை, அறிக்கையில் எழுதியது பொய் என்றேன். தகடு உருட்டும் பிரிவில் இருந்த பெரியவர், உனக்கு நினைவிருக்கும், காது கேட்காதவர், அவருக்கு மட்டும் இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டார்: "தம்பிகிட்ட சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." "அப்ப உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்." மற்றவர்கள் மறுபடி சட்டைச் சண்டைக்குப் போய்விட்டார்கள். உன் பெயரில் இருந்த கறுப்புப் புள்ளியை அழித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். விரலைத் திருப்பித் தர முடியாது.

திரும்பி வரும்போது மேட்டைப் பார்த்தேன். புல் முளைத்திருக்கிறது. பீடம் தயார்.

தலையைத் தொடாதே. உன் கையால் என் இரும்பை ஒரு முறை அறுத்தது போதும். அந்த முகத்தைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டாய் என்றால், நானும் ஒரு தடவை பார்க்கிறேன். எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாதே.

தலையோடு நீயும் லாரியில் வருகிறாய்தானே? மாமாவிடம் போனில் சொல்லாதே. எனக்கு எழுது.

அக்கா


ஏப்ரல் 18, மேட்டின் மேல், காலை பதினொன்று
(டீ கேன் மூடிக்குள் வைத்து, சாரத்திலிருந்து கயிற்றில் இறக்கிய சீட்டு)

அக்கா,

நேற்று ராத்திரி ஊர் வந்ததும் கேனை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நாளைக்கு இது கீழே வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். இதோ வருகிறது.

கூட்டத்தில் உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன், ஹெல்மெட் போடாமல் நிற்பது நீ ஒருத்திதான். முதலில் அதைப் போடு. தலை உட்கார்ந்துவிட்டது. கழுத்தின் பின்பக்கம் இன்னும் ஒரு மணி நேர வெல்டிங் இருக்கிறது, நான் இறங்க முடியாது. தொண்டை காய்கிறது. முகம் எப்படி இருக்கிறது? எனக்கு இங்கிருந்து காது மட்டும்தான் தெரிகிறது.

தம்பி


அதே நாள், பதினொன்று பத்து
(அதே கேனில், கீழிருந்து)

மாடிவீட்டுக்காரனுக்கு,

ஹெல்மெட் போட்டாயிற்று. டீயில் சர்க்கரை இருக்கிறது. முடிச்சு உன்னுடையது மாதிரி வரவில்லை, இருபத்தோரு வருஷமும் நான் அவிழ்க்க மட்டும்தான் செய்திருக்கிறேன். அதனால் இரண்டு முடிச்சாகப் போட்டிருக்கிறேன்.

முகம் நன்றாக இருக்கிறது. மூக்கு பெரிசுதான். அன்று மழையைப் பார்த்த என்னை இன்றுதான் பார்க்கிறேன், இவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மேலே பார்க்காதே, கண்ணில் தூசி விழும் என்று இங்கே ஒரு இன்ஜினியர் கத்துகிறார். கத்தட்டும். கயிற்றை மெதுவாக இழு. கேனை எடுத்துக்கொண்டு, அந்த எட்டு விரலையும் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டு, பிறகு எனக்குக் கை காட்டு. நீ காட்டுகிற வரைக்கும் நான் கண்ணை எடுக்க மாட்டேன்.

கீழ்வீட்டுக்காரி